போகாமலே போட்ட மோட்டார்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். பம்பு மோட்டாரைக் கைபேசியாலேயே போட வைக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டியின் விற்பனை இப்போது சூடு பிடித்திருப்பதால், அதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை இருக்கட்டும் என்றும் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். என்னிடம் இருப்பது அந்தப் பெட்டியைப் பற்றிய ஒரே ஒரு சம்பவம். அதை எழுதுகிறேன். அது நல்லதா கெட்டதா என்பதை முதலாளி படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினம் ஒரு பக்கம் டைரி எழுதுகிறவன் நான். எந்த ஊரில் எந்த மோட்டார், எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்குத் திரும்பினேன், மழையா வெயிலா, எல்லாம் அதில் இருக்கும். ஆனால் இதில் நேரங்களை மட்டுமே சொல்கிறேன், தேதிகளைச் சொல்லவில்லை, ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். தேதி சொன்னால் பாகூர்ப் பக்கத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தேதி இல்லாமல் எழுதுவது எனக்குச் செருப்பில்லாமல் சித்திரை வெயிலில் நடப்பது போல இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், விற்பவனாக இல்லாமல் வாங்குபவனாகக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வில்லியனூரில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் தனியாக இருக்கிறேன். மகன் கடல் தாண்டி வேலை பார்க்கிறான். என் தனிமையைச் சரிசெய்வதற்கென்று அவன் அனுப்பிய சாமான்களால் வீடு நிறைந்திருக்கிறது. கூடத்தில் ஒரு கேமரா. கையில் ஒரு கடிகாரம். நான் கீழே விழுந்தால் அதற்குத் தெரிந்துவிடுமாம். ஒரு நாள் அவனே கூப்பிட்டான்.

“அப்பா, வாட்ச்ச ஏன் கழட்டி வெச்சீங்க?”

“குளிக்கப் போனேன்டா.”

“தண்ணி பட்டா அதுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா.”

“எனக்கு ஆவுதே. அதக் கட்டிக்கினு குளிச்சா நீயும் கூட நிக்கிற மாதிரி இருக்குது.”

சிரித்தான். அந்த மாதம் நாங்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மூலக்குளத்தில் ஒரு கடையில் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கப் போனேன். மூடியில் ‘ஏஐ’ என்று பெரிதாக ஒட்டியிருந்தது. அது என்ன செய்யும் என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். “அதுவே துணியப் பாத்து முடிவு பண்ணிக்கும் சார்” என்றாள். “எங்கிட்ட நாலு வேட்டி, நாலு சட்டைதாம்மா இருக்குது. அதுல முடிவு பண்ண இன்னா இருக்குது?” என்றேன். பாவம், ஒட்டாத மாடலைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. ஒட்டியதைத்தான் வாங்கினேன். தொலைக்காட்சி மாதம் ஒருமுறை தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, ஏதோ ஒரு நீண்ட ஒப்பந்தத்துக்கு நான் சம்மதமா என்று கேட்கிறது. சம்மதம் என்றால்தான் செய்தி வரும். ஒருமுறை முழுவதையும் படித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். பாதி படிப்பதற்குள் திரை அணைந்துவிட்டது.

குளிர்சாதனப் பெட்டி கெட்டபோது புகார் எண்ணில் மனிதர் யாரும் இல்லை. கைபேசியில் எழுத்தால் பேச வேண்டும். “பால் திரிஞ்சிபோச்சி” என்று எழுதினேன். “மகிழ்ச்சி! வேறு ஏதேனும் உதவி தேவையா?” என்று பதில் வந்தது.

இவற்றை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. நூலகத்தில் வரும் அறிவியல் பத்திரிகைகளை விடாமல் படிக்கிறேன். இந்தத் தொழில் எங்கே போகிறது என்று ஒரு வாடிக்கையாளனாக எனக்குத் தோன்றுவது இதுதான்: பெயர் மாறுகிறது, பெட்டி மாறுகிறது, உள்ளே விற்கப்படுவது ஒரே சரக்கு. நீ போக வேண்டாம், உன்னிடம் யாரும் வர வேண்டாம். இதில் நான் யாரையும் குறை சொல்லும் இடத்தில் இல்லை. ஏனென்றால் மொபைல் ஸ்டார்ட்டர் வந்த முதல் வருடம் அந்தச் சரக்கை நம் பகுதியில் அதிகம் விற்றவன் நான்தான். “நீங்க மோட்டார் கொட்டாய்க்குப் போவவே வேணாம்.” இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஊர் ஊராகச் சொன்னேன்.

அப்படிச் சொல்லி விற்றவர்களில் ஒருவர் சரோஜா அம்மா.

பாகூர் ஏரிக்குத் தெற்கே அவருக்குக் கொஞ்சம் நெல் நிலமும் ஒரு ஆழ்துளைக் கிணறும் உண்டு. கணவர் இறந்த பிறகு பல வருடங்கள் தனியாகவே விவசாயம் பார்த்தார். காலையில் காபி குடித்ததும் வரப்பில் நடந்து போய் மோட்டாரைத் தன் கையால் போட்டுவிட்டு, தண்ணீர் தொட்டியில் விழும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் மகன் விடவில்லை. சென்னையில் பன்னிரண்டாவது மாடிக்கு அழைத்துப் போய்விட்டான். நிலத்தை ஏழுமலை குத்தகைக்கு எடுத்தார். வயலை ஒட்டியே அவர் வீடு. பெட்டியை மாட்டித் தரச் சொன்னது சரோஜா அம்மா.

பெட்டியை மாட்ட நான் போன அன்று ஏழுமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“எனுக்கு எதுக்குண்ணே இது? என் வூட்டு வாசல்லேர்ந்து கல்லு வுட்டா கொட்டாய் மேல வுழும்.”

“உனக்கில்லப்பா. அம்மாவுக்கு.”

“அந்தம்மா மெட்ராஸ்ல குந்திக்கினு இங்க இருக்கிற மோட்டார போடப் போவுதா?”

“ஆமா.”

“அப்ப நாத்தயும் அங்கேர்ந்தே நட்டுடச் சொல்லு.”

பெட்டியில் இரண்டு எண்களைப் பதிந்தேன்: ஏழுமலையின் எண், சரோஜா அம்மாவின் எண். பதிந்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் பெட்டி எடுத்துப் பேசும். மோட்டார் ஓட ஒன்று, நிற்க இரண்டு. மூன்றை அழுத்தினால் பெட்டியில் உள்ள மைக் வழியாகக் கொட்டகையின் சத்தம் கேட்கும். மோட்டார் உண்மையிலேயே ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள வைத்த வசதி அது. மற்ற வாடிக்கையாளர்கள் மூன்றை மறந்தே போனார்கள். சரோஜா அம்மாவுக்கு மூன்றுதான் எல்லாம். தினமும் ஆறு மணிக்கு ஒன்றை அழுத்துவார், பிறகு மூன்றை அழுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார். பெட்டியின் பதிவுகள் என் லாகினில் தெரியும். சில நாள் முப்பது நிமிடம், சில நாள் நாற்பது. நாம் அறுக்கும் சத்தம் என்று காதைப் பொத்திக்கொள்கிறோமே, அதை ஒருவர் நாற்பது நிமிடம் கேட்டார்.

ஏழுமலையும் பழகிவிட்டார். காலையில் கொட்டகைப் பக்கம் போவதை விட்டுவிட்டார். யாராவது கேட்டால், “அம்மா போட்டுச்சி” என்பார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அதற்கு முந்தைய நாள் மாலை சரோஜா அம்மா கூப்பிட்டார்.

“தம்பி, மோட்டார் சத்தம் வேற மாதிரி வருது.”

“எப்படிம்மா?”

“ஓடுறப்ப அடியில டக்கு டக்குனு ஒண்ணு. பல்லு ஆடுறாப்பல. ஏழுமலைகிட்ட கேட்டா ஒண்ணுமில்லன்றான். அவன் எங்க போயி பாக்குறான்?”

மறுநாள் பத்து மணிக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். போய்ப் பார்த்தால், அவர் சொன்னது சரி. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் ரப்பர் தேய்ந்திருந்தது. நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து, கைபேசியில், எழுபத்தெட்டு வயதுக் காதால் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அங்கே மோட்டார் தரை மட்டத்தில் இல்லை. தண்ணீர் மட்டம் இறங்கிய காலத்தில் பத்தடிக் குழி தோண்டி உள்ளே இறக்கியிருந்தார்கள். மேலே சுவரில் ஒரு பக்கம் நம் பெட்டி, எதிர்ப்பக்கம் பழைய மெயின் சுவிட்ச், அதன் அருகே மூன்று பீங்கான் பியூஸ் கட்டைகள். நம் கடையின் வழக்கத்தை உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்: குழியில் ஆள் இறங்கும் முன் மூன்று கட்டைகளையும் பிடுங்கி, இறங்குகிறவன் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கேயே வைத்துவிட்டுப் போகக்கூடாது, இன்னொருவரிடம் கொடுக்கக்கூடாது. பீங்கான் கனத்தில் என் சட்டைப்பைகள் மாதம் ஒன்று கிழியும். என் மனைவி எல்லாச் சட்டைக்கும் உள்ளே இன்னொரு துணி கொடுத்து இரட்டைப் பையாகத் தைத்து வைத்திருந்தாள். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வழக்கத்தை ஒருநாளும் மீறியதில்லை.

அன்று மீறினேன்.

நானும் ஏழுமலையும் கொட்டகைக்குள் போனபோது மின்சாரம் இல்லை. கைபேசியைத் திறந்து பார்த்தேன். பெட்டி ‘ஆஃப்’ என்று சிவப்பில் காட்டியது. மின்சாரமும் இல்லை, பெட்டியும் ஆஃப். கட்டையைப் பிடுங்க எதிர்ச்சுவருக்குப் போக வேண்டும், கால் வைக்கும் இடத்தில் உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. எனக்கு முழங்கால் வலி. அதனால்தான் குழியில் இறங்கியதும் நானல்ல, ஏழுமலை. “நீ எறங்கி கப்ளிங்க கையால சுத்திக் காட்டுப்பா, நான் மேலேர்ந்து பாக்குறேன்” என்றேன். இறங்கினார். சுற்றிக் காட்டினார்.

ஒரு ரப்பர் கழன்று வந்தது. இரண்டாவதை அவர் விரலை விட்டு நெம்பிக்கொண்டிருந்தபோது, பெட்டியில் மூன்று விளக்குகளும் எரிந்தன.

“கரண்ட் வந்துடுச்சி” என்று சொன்னது நான்தான்.

“ஏறிடவாண்ணே?”

“இரு. ஆஃப்லதான் இருக்குது. ரெண்டு நிமிஷம்.”

உங்களிடம் இதை எழுதுவதற்கு முன் இந்த இரண்டு வரிகளை விட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். விட்டுவிட்டால் மீதிப் பக்கங்களில் பெட்டிதான் குற்றவாளியாகத் தெரியும்.

சரோஜா அம்மாவிடம் பத்து மணிக்குப் போவேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? பத்தேகாலுக்குச் சத்தம் சரியாகியிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். ஒன்றை அழுத்தினார். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியில் பேசும் பெட்டி, ‘மின்சாரம் இல்லை’ என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினார். மறுபடியும் இல்லை. மூன்றாவது முறை அழுத்தியபோது மின்சாரம் இருந்தது. பதிவில் பத்து பதினெட்டு.

மோட்டார் சுழல ஆரம்பித்தது. ஏழுமலை கத்தினார்.

நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கை சட்டைப்பைக்குப் போனது. கைபேசியை எடுத்தேன். திரையைத் திறந்தேன். முப்பது வருடம் பழகிய மெயின் சுவிட்ச் எதிர்ச்சுவரில் கண்ணுக்கு நேரே இருக்கிறது, நான் திரையில் ‘நிறுத்து’ என்ற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று விநாடி இருக்கும், நான்கும் இருக்கலாம். பிறகுதான் புத்தி வந்து மூட்டைகள் மேல் விழுந்து எழுந்து கைப்பிடியை இழுத்தேன்.

ஏழுமலைக்கு வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. அந்த மூன்று விநாடி இல்லாவிட்டால் ஒன்றாவது மிஞ்சியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னார்.

ஏழுமலையை மேலே தூக்கி, துண்டால் கையைச் சுற்றி, கொட்டகை வாசலில் உட்கார வைத்தேன். சத்தம் கேட்டு வந்த அவர் மகன் வண்டி கொண்டுவர ஓடியிருந்தான். என் கைபேசி அடித்தது. சரோஜா அம்மா. ஒன்றை அழுத்திய கையோடு மூன்றையும் அழுத்தியிருக்கிறார்.

“தம்பி, யாரோ கத்துனாங்களே. மோட்டாரும் நின்னுபோச்சே.”

“நாய்ம்மா” என்றேன். “நாய் ஒண்ணு உள்ள பூந்துடுச்சி. அதான் நிறுத்திட்டேன்.”

“ஏழுமலை எங்க?”

“அதத் தொரத்திக்கினு போயிருக்கான்.”

ஏழுமலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதடெல்லாம் வெளுத்திருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்.

“இன்னாண்ணே, கடைசில என்ன நாயாக்கிட்ட.”

சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரித்தார், அவர் மனைவி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது: அனுமதி பெற்ற எண்ணிலிருந்து வந்த ஆணைப்படி சாதனம் சரியாக இயங்கியுள்ளது. கீழே, இந்தச் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தது. கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. அவர்கள் சொன்னது உண்மை. அழுத்துவது யார் என்று பார்க்கத்தான் அந்தப் பெட்டி செய்யப்பட்டது. குழியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க நான் ஒருவன் அங்கே நின்றிருந்தேன். திரையில் ‘ஆஃப்’ என்று இருந்தால் இதுவரை யாரும் அழுத்தவில்லை என்று பொருள். அடுத்த நொடியைப் பற்றி அது எந்த வாக்குறுதியும் தருவதில்லை. மூன்று கட்டைகளும் உங்கள் பையில் இருந்தால்தான் அடுத்த நொடி உங்களுடையது. நான் கற்றுத் தர வேண்டிய தொழில் பாடம் இவ்வளவுதான்.

இதற்கு மேல் நடந்தது தொழிலைச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உங்களில் ஒருவராவது அப்படி ஒரு இடத்தில் நிற்பீர்கள்.

மோட்டார் பழுதுக்குப் போயிருக்கிறது, பத்து நாள் பெட்டியை அழுத்த வேண்டாம் என்று சரோஜா அம்மாவிடம் சொன்னேன். சரி என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் கைபேசி அடித்தது. பெட்டிக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டிருந்தார். ரப்பர் மாற்றியாயிற்றா, தண்ணீர் யாரிடம் வாங்கிப் பாய்ச்சுகிறார்கள், வரப்பில் புல் ஏறிவிட்டதா என்று கேட்டார். கடைசியில், “அந்த நாய் பொழைச்சிதா?” என்றார்.

“பொழைச்சிதும்மா.”

அடுத்த நாளும் ஆறு மணி, கடைசியில் அதே நாய்க் கேள்வி. அதற்கடுத்த நாளும். என் கைபேசிக்கு ஒரு நாளில் வரும் அழைப்புகளையும் செய்திகளையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கடன் வேண்டுமா என்று கேட்கும் பதிவுக் குரல், சீட்டாட்டத்துக்குப் பெயர் பதியச் சொல்லும் செயலி, மகன் வாங்கித் தந்த கடிகாரம் அவனுக்குத் தானாக அனுப்பும் ‘அப்பா நலம்’ என்ற செய்தியின் நகல். மனிதர் பேசும் அழைப்பு என்றால் அந்த ஆறு மணி அழைப்பு ஒன்றுதான். ஐந்தே முக்காலுக்கே காபி போட்டுக்கொண்டு கைபேசிக்கு எதிரே உட்கார ஆரம்பித்தேன். பத்து நாள் முடிந்தது. மோட்டார் ஒன்பதாம் நாளே தயாராகிவிட்டது. இன்னும் வரவில்லை என்றேன். பதினைந்து நாள் ஆனது. இன்னும் வரவில்லை என்றேன். ஏழுமலைக்காகத்தான் பொய் சொல்கிறேன் என்று டைரியில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது படித்தால் என் கையெழுத்தே என்னை நம்பவில்லை.

ஏழுமலை வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகவே பேசினார்.

“அந்தம்மா நம்பர எடுத்துடுண்ணே.”

“எடுத்துடலாம்.”

“எடுத்துட்டுத்தான் மோட்டார எறக்கணும். இல்லன்னா நான் குத்தகைய வுட்டுட்றேன். என் புள்ள அந்தக் குழில எறங்குவான். யாரோ எங்கியோ குந்திக்கினு அமுக்குவாங்கன்னு நெனச்சிக்கினே நான் வயலுக்குப் போவ முடியாது.”

“அம்மாகிட்ட இன்னா சொல்லட்டும்?”

“பொட்டி கெட்டுப்போச்சின்னு சொல்லு. வயசானது. விரலு போன கதயெல்லாம் சொல்லி அத சாவடிக்காத. அது மேல தப்பே கெடையாது.” மடியிலிருந்த கையைப் பார்த்துவிட்டு, “கட்டைய நீ புடுங்கி இருக்கணும்” என்றார். திட்டுவது போல இல்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார்.

அவர் சொன்னபடி செய்வது எளிது. எண்ணை நீக்க அரை நிமிடம் ஆகாது. பெட்டி கெட்டுவிட்டது என்று ஒரு வரி. ஆனால் சரோஜா அம்மாவுக்குத் தன் நிலத்தோடு மிஞ்சியிருந்த ஒரே தொடர்பு அந்த ஒன்றும் மூன்றும்தான். அதைப் பறிக்கும்போது காரணத்தையாவது உண்மையாகச் சொல்ல வேண்டாமா? சொன்னால் ஏழுமலையின் பேச்சை மீறியதாகும். அந்த அம்மா மீதி நாளெல்லாம் தன் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எண்ணை நீக்காமல் வீடு திரும்பினேன்.

மறுநாள் ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. பதினெட்டாவது நாள்.

“மோட்டார் வந்துச்சா தம்பி?”

“பெட்டி கெட்டுப்போச்சும்மா” என்று தொடங்கினேன். “இனிமே அது...”

“தம்பி.”

“சொல்லுங்கம்மா.”

“அன்னிக்கு கத்துனது நாய்னு சொன்னீங்க.”

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“நாய் அம்மான்னு கத்துமா?”

பன்னிரண்டாவது மாடியில் எங்கோ ஒரு லிஃப்டின் மணி கேட்டது. பதினெட்டு நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் நாயைப் பற்றிக் கேட்டது, நான் சொல்வேனா என்று பார்க்கத்தான். அல்லது, பொழைச்சிது என்ற பதிலை ஒவ்வொரு நாளும் ஒருமுறை கேட்டுக்கொள்ளத்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். மின்சாரம் இல்லாதது, கட்டையைப் பிடுங்காதது, ‘இரு’ என்று நான் சொன்னது, கைபேசியைத் தேடியது. என் தவறைத்தான் அதிகம் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

“எந்தக் கை?”

“வலது.”

“எந்த வெரலு?”

சொன்னேன்.

வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“என் நம்பர எடுத்துடுங்க” என்றார். “நானே பின்னால கேட்டாலும் திரும்பப் போடாதீங்க. கேப்பேன். போடாதீங்க.”

அன்றே நீக்கினேன். ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று பெட்டி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அடுத்த வாரம் மோட்டாரைக் குழியில் இறக்கினோம். மூன்று கட்டைகளும் என் பையில் இருந்தன. ஏறி வந்து நான் அவற்றைத் திரும்பச் செருகியதும் ஏழுமலை இடது கையால் சுவிட்சைப் போட்டார். சரோஜா அம்மாவின் மகன் ஒருநாள் வந்து ஏழுமலையைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். அது அவர்கள் விஷயம். உண்மையைச் சொன்னதற்காக ஏழுமலை என்னோடு சில மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

சரோஜா அம்மா அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு முறை நானே கூப்பிட்டேன். மணி முழுவதும் அடித்து நின்றது. மூன்றாவது முறை கூப்பிடும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. நான் செய்தது சரியா என்று கேட்பீர்கள். அரை நிமிடப் பொய்யால் அவரையும் என்னையும் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் தன் காதில் கேட்டதைப் பொய் என்று நம்ப வேண்டிய நிலையில் ஒரு மனுஷியை விட்டிருப்பேன். இதற்கு மேல் எனக்கு விடை தெரியாது. தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இந்த மாதக் கடைசியோடு என் சர்வீஸ் லாகின் உங்களிடம் வருகிறது. வாடிக்கையாளர் பட்டியலில் பாகூர்ப் பெட்டியைத் திறந்தால் ஒரு எண் சிவப்பில் தெரியும். ‘அனுமதி இல்லாத எண், தினசரி அழைப்பு’ என்று இருக்கும். பக்கத்திலேயே, இதை நிரந்தரமாகத் தடுக்கலாமா என்று கணினி கேட்கும். பட்டியலைச் சுத்தமாக வைத்திருக்கும் ஊழியருக்கு நல்ல மதிப்பெண் உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பைப் பெட்டி எடுக்காது. கொட்டகையில் எந்தச் சத்தமும் எழாது, யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. கூப்பிடுகிறவர் காதில் மட்டும் ஒரே ஒரு மணி அடிக்கும், பிறகு துண்டிக்கும். தடுத்துவிட்டால் அந்த ஒரு மணியும் கேட்காது. இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும்.

தயவுசெய்து அதை அழுத்தாதீர்கள். இன்று காலை ஆறு மணி நான்கு நிமிடத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது.